ஒன்றைத் தொட்டால் ஒன்பது!



வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது பழமொழி. இந்தக் காலத்து அடுக்குமாடிகளில் வாசற்படி இல்லாத வீடுகூட இருக்கலாம். பொழுதுபோக்குப் பைத்தியம் இல்லாத வீடு இருக்காது. ஒரு வீட்டில் தபால் தலை, இன்னொரு வீட்டில் மீன் தொட்டி, மூன்றாவது வீட்டில் மாடி முழுவதும் ரோஜாச் செடி. இவையெல்லாம் சாதுவான பைத்தியங்கள். பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். சாப்பாட்டு வேளையில் குறுக்கே வராது. ஆனால் சாப்பாட்டு மேஜையையே முழுசாக வளைத்துப் போட்டுக்கொண்டு, "சாம்பாரை அந்தப் பக்கம் வை, இங்கே கியர் இருக்கிறது!" என்று வீட்டுக்காரரைச் சொல்ல வைக்கிற பைத்தியம் ஒன்று உண்டு. அதுதான் ரிமோட்டில் ஓடும் கார். அதில் ஈடுபட்டவர்கள் சுருக்கமாக 'ஆர்.சி. கார்' என்பார்கள்.

"குழந்தைகள் விளையாட்டுச் சாமான்தானே?" என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் இரண்டு நாளைக்கு அவர் முகத்தை நிமிர்த்த முடியாது.

திருவிழாக் கடையில் வாங்கி, பேட்டரி போட்டு, சாயங்காலமே உடைத்துப் போடுகிற கார் வேறு, இது வேறு. இந்தக் காரின் பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. காராகப் போகிற சாமான்கள் இருக்கும். பை பையாக ஸ்க்ரூ, பை பையாகக் கியர், ஒரு மோட்டார், நாலு டயர், கண்ணாடி போன்ற ஒரு கூடு, அப்புறம் படம் போட்ட ஒரு புத்தகம். பூட்ட வேண்டியது நாம். ஓடாவிட்டால் அழ வேண்டியதும் நாம். சிலருக்கு ஓடினாலும் நிம்மதி கிடையாது; இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று கழற்ற ஆரம்பிப்பார்கள். அந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது இந்த வினை?

ஜப்பானில் ஷிஸுவோகா என்று ஓர் ஊர். அங்கே 1946-ல் மர வியாபாரமாக ஆரம்பித்த தாமியா கம்பெனி, பிறகு மரத்தில் சிறு மாடல்கள் செய்தது. அதற்கப்புறம் பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1976-ல் போர்ஷே 934 என்ற பந்தயக் காரின் மாடலை, நிஜக் காரில் 12-ல் ஒரு பங்கு அளவில், ரிமோட்டில் ஓடும்படி செய்து விற்பனைக்கு விட்டது. மாடல் அச்சு அசலாக இருக்க வேண்டுமென்று, நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றையே விலை கொடுத்து வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்களாம் அந்த மகானுபாவர்கள். பார்த்தீர்களா? கழற்றிப் போடும் வியாதி பிறந்த வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது!

1984-ல் அதே கம்பெனி 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி, என்று ஒரு காரைக் கொண்டு வந்தது. அளவு 10-ல் ஒரு பங்கு. எளிய அமைப்பு, விலையும் மற்ற மாடல்களைப் பார்க்கக் குறைவு. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பையன்களுக்கு அதுதான் முதல் கார். அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காது. நம் பையன்கள் யாராவது மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த பத்திரிகையில் படத்தைப் பார்த்து ஏங்கியதோடு சரி.

2005-ல் அதே வெட்டுக்கிளி மறுபடியும் விற்பனைக்கு வந்தது. அன்று 12 வயதில் ஏங்கிய பையனுக்கு இன்று 50 வயதுக்கு மேல். கையில் சம்பளம் இருக்கிறது; மனசில் அந்தப் படம் இருக்கிறது. ஆகையால் ஐம்பது வயசு மனிதர் பார்சலைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது சிரிக்காதீர்கள். நுழைவது அவரல்ல, அந்தப் பன்னிரண்டு வயசுப் பையன்.

மேஜையின் மேல் நடக்கும் கூத்து

முதல் சோதனை ஸ்க்ரூவில் ஆரம்பமாகும். ஜப்பானியக் கிட்டில் வரும் கூட்டல் குறித் தலை ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தர அளவின்படி வெட்டப்பட்டவை. நம் வீட்டு ஆணி டப்பாவில் கிடக்கும் 'ஸ்டார்' திருப்புளி அதில் நுழையும். ஆனால் சரியாக உட்காராது. அழுத்தித் திருகினால் நழுவி, தலையின் பள்ளத்தைத் தின்றுவிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூ உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. "திருப்புளி இருக்கும்போது இன்னொரு திருப்புளி எதற்கு?" என்று நீங்கள் கேட்டிருந்தால், அதற்குப் பதில் இதுதான். அந்த அளவுக்கென்றே ஒரு திருப்புளி வாங்குவது தண்டச் செலவு அல்ல.

பிளாஸ்டிக்கில் இறங்கிய ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. எடுத்த எடுப்பில் இறுக்கக் கூடாது. முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். 'டிக்' என்று ஒரு சின்ன அசைவு தெரியும். பழைய மரையில் ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு முறுக்கலாம். அவசரக் கை இதைச் செய்யாது. புதுசாக ஒரு மரை வெட்டும். நாலு தடவை அப்படி வெட்டினால் துவாரம் தொளதொளத்துப் போகும்.

இரண்டாவது சோதனை 'ஈ-கிளிப்'. ஆங்கில 'ஈ' எழுத்துப் போன்ற குட்டி இரும்பு வளையம். ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். அச்சின் பள்ளத்தில் அதை அழுத்தும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், போயே போய்விட்டது! குடும்பமே தரையில் மண்டி போட்டுத் தேடும். கடைசியில் மறுநாள் காலை உங்கள் துடைப்பத்தில் அகப்படும். அல்லது யாராவது ஒருவர் உள்ளங்காலில் ஏறும். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் காரின் அந்தப் பாகத்தையும் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு வேலை செய்தால் போதும். துள்ளினாலும் பைக்குள்ளேயே விழும்.

மூன்றாவது சோதனை வர்ணம். பெரும்பாலான கார்களின் மேல் கூடு 'பாலிகார்பனேட்' என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இதற்கு உள்பக்கத்தில்தான் வர்ணம் அடிக்க வேண்டும். மோதலில் உராய்ந்தாலும் வர்ணம் போகாது. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் கண்ணாடியின் பின்புறம்தான் எழுதுவார்கள். நகை, கண், மூக்கு முதலில், பின்னணி கடைசியில். இங்கேயும் அதே தலைகீழ்க் கணக்குதான். முதலில் கோடு, அப்புறம் பட்டை, கடைசியில் பெரிய வர்ணம். அதற்கென்று உள்ள பெயின்ட்தான் ஒட்டும். வீட்டுக் கதவுக்கு வாங்கிய பெயின்டை அடித்தால், கூடு வளையும்போது அப்பளம் போல உதிர்ந்துவிடும்.

இத்தனையும் தாண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அந்தக் கார் 'விர்' என்று கிளம்பும்போது, கட்டினவர் முகத்தைப் பாருங்கள். அதுவரை மேஜையை விட்டுக் கொடுத்த கோபமெல்லாம் உங்களுக்கே மறந்து போகும். கதை அங்கேயே முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வேகம் என்னும் வியாதி

முடியாது. ஒரு வாரத்தில், "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் தேவலை" என்று தோன்றும். வெட்டுக்கிளியில் வருவது '380' என்னும் சின்ன மோட்டார். கடையில் '540' என்னும் பெரிய மோட்டார் கிடைக்கிறது. அதைப் போட்டாயிற்று. அதற்கப்புறம் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். நம் மிக்ஸியில் தேய்ந்து போகுமே, அந்தக் கார்பன் பிரஷ்தான். அது இல்லாத மோட்டாருக்கு வலு அதிகம். இவற்றின் மேல் 'கே.வி.' என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்பது அதன் பொருள். 3,300 கே.வி. மோட்டாரை 7.4 வோல்ட் பேட்டரியில் மாட்டினால், சுமை இல்லாதபோது நிமிஷத்துக்குச் சுமார் 24,400 சுற்று!

கேட்கவே தலை சுற்றுகிறது அல்லவா? காருக்கும் அப்படித்தான். மோட்டாருக்கு வலு ஏறியதும் கியரின் பல் மழுங்குகிறது. சரி என்று இரும்புக் கியர் போட்டால், கியர் தாங்குகிறது. சக்கரத்துக்குப் போகும் அச்சு முறுக்கிக்கொள்கிறது. அச்சையும் மாற்றினால், டயர் வேகத்தில் பூரி போல உப்பி, ஒட்டு விட்டுப் போகிறது. பெரிய டயர் போட்டால், அதை இழுத்து இழுத்து மோட்டார் சூடாகிறது. லித்தியம் பேட்டரி போட்டால், பழைய வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 'போதும், நிறுத்து' என்று சொல்லத் தெரியாது. பேட்டரி அளவுக்கு மீறி வடிந்து கெட்டுப் போகிறது. அந்தப் பெட்டியையும் மாற்று! கடைசியில் பார்த்தால், வாங்கின காரில் மிச்சம் இருப்பது பெயரும் ஸ்டிக்கரும்தான்.

இதற்குக் காரணம் மந்திரமில்லை. எந்த யந்திரத்திலும் எல்லாவற்றிலும் பலவீனமான இடம் ஒன்று இருக்கும். அதைப் பலப்படுத்தினால் பலவீனம் ஒழிந்துவிடாது. பக்கத்து வீட்டுக்குக் குடி போகும். அதோடு, வேகம் 2 மடங்கானால் சுவரில் மோதும் வலு 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. வேகத்தை மட்டும் கூட்டிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்றால் நடக்குமா?

உடைந்த சாமான் பக்கத்துத் தெருவில் கிடைத்தால் பரவாயில்லை. பல பாகங்கள் கடல் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது. பொம்மைகளும் சிறு மாடல்களும் அடங்கிய பிரிவுக்கு இறக்குமதித் தீர்வை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று. 2023-ல் 70 ஆயிற்று. கடுகளவு கியர் ஒன்றுக்காக மூன்று வாரம் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனிதரைக் கண்டால், கோபத்தைவிடப் பரிதாபம்தான் வருகிறது.

ஒரு சகோதரியின் கடிதம்

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி எழுதியிருந்தார். பேரும் ஊரும் வேண்டாம் என்பது அவருடைய உத்தரவு. வீட்டுக்காரருக்கு 52 வயது. பிள்ளைக்கு 15. மேலே சொன்ன பழைய காலத்து மாடல் ஒன்றை வாங்கி, அப்பாவும் பிள்ளையுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பூட்டினார்கள். வீடே கல்யாண வீடு மாதிரி இருந்ததாம். பரீட்சை மார்க்கைத் தவிர வேறொன்றும் பேசிப் பழகாத இரண்டு பேர், சாப்பிட்ட கை காயும் மட்டும் சக்கரத்தையும் அச்சையும் பற்றிப் பேசினார்களாம்.

அப்புறம் பிள்ளைக்கு வேகத்தின் மேல் ஆசை வந்தது. தகப்பனாருக்கோ கார் அந்தப் படத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். பிள்ளை தன் பிறந்த நாள் பணத்தில் மோட்டாரை மாற்றினான். இரண்டாம் நாள் கியர் போயிற்று. புதுக் கியரைத் தகப்பனார் பொருத்தினார். அதுவும் ஒரே மணி நேரத்தில் போயிற்று.

"நீ போட்ட ராட்சஸ மோட்டார்தாண்டா காரணம்!"

"இல்லைப்பா, நீங்க கியரைச் சரியாச் சேர்க்கலை!"

வார்த்தை தடித்தது. பேச்சு நின்றது. பன்னிரண்டு நாளாக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று பிள்ளையும், "அவனை லைட்டை அணைக்கச் சொல்லு" என்று தகப்பனாரும், நடுவிலே இந்த அம்மாள் தபால் ஆபீஸாக இருந்திருக்கிறார். 'இந்தச் சனியனைத் தூக்கிப் பரணில் போட்டுவிடட்டுமா?' என்பதுதான் அவர் என்னைக் கேட்ட கேள்வி.

வேண்டாம் என்று பதில் எழுதினேன். பரணில் போட்டால் கார் மட்டும் பரணுக்குப் போகாது. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கூடவே போய்விடும். இன்னொன்றும் எழுதினேன். கியர் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மயிரிழை இடைவெளி வேண்டும். ரொம்ப நெருங்கினால் அரைபடும். விலகினால் பல் நழுவி மழுங்கும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை இரண்டு கியருக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிட்டால் இடைவெளி கச்சிதமாக இருக்கும். இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், தப்பு யார் பேரில் என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன்.

அவரிடமிருந்து மறு கடிதம் வந்தது. அந்த அம்மாள் என்னைவிடக் கெட்டிக்காரி. காகிதத் துண்டு சமாசாரத்தைப் படித்ததும் அவருக்கு வேறு ஒன்று பளிச்சென்று தோன்றியிருக்கிறது. கொஞ்ச நாளாகவே வீட்டுக்காரர் பத்திரிகையைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் படிக்கிறார். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால், "எனக்கு வேலை இருக்கு" என்கிறார். வெள்ளெழுத்து! மனிதருக்குக் கியரின் பல்லே தெரியவில்லை. தெரியவில்லை என்று பிள்ளையிடம் சொல்ல மனசு வரவில்லை. அந்த வெட்கம்தான் கோபமாக வெளியே வந்திருக்கிறது.

அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கியர் ஒரு ஜோடி தருவித்தார். ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு மேஜையில் வைத்தார். "ஏங்க, ஸ்க்ரூவை நிதானமா இறுக்க உங்க கைதான் சரி. அவனுக்குப் பொறுமை கிடையாது. டேய், நீ வந்து காகிதத்தைப் பிடி, உனக்குத்தான் பொடிக் கண்ணு" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார்.

கால் மணி நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம் பிள்ளையின் குரல்: "அப்பா, இன்னும் கொஞ்சம்... போதும், போதும். இப்ப இறுக்குங்க."

மறு வாரமே அவர் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சம்மதித்துவிட்டார் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தார். எந்த மோட்டார் இருக்க வேண்டும் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லையாம். தீராவிட்டால் என்ன? வழக்காடுகிறவர்கள் நேருக்கு நேர் பேசுகிறார்கள் அல்லவா?

விட்டுக் கொடுக்கும் பாகம்

இப்போது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மிக்ஸி ஜாரின் அடியில் 'கப்ளர்' என்று ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கிறதே, அது அடிக்கடி தேய்ந்து போகிறது என்று அலுத்துக்கொள்வோம். ஜாரில் ஏதாவது சிக்கி பிளேடு நின்றுவிட்டால், அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. பிரஷர் குக்கர் மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வும் அப்படியே. வெயிட்டின் துவாரம் அடைத்து, சூடு மீறினால், அது உருகி வழி விடும், குக்கர் வெடிக்காது. கெட்டுப் போவதுதான் அவற்றின் வேலை. கெட்டிக்காரத்தனமாக அந்த வால்வு இருக்கும் இடத்தில் ஆணியை அடித்து வைக்கிறவர் யாராவது உண்டா?

காரிலும் அப்படி ஒரு பாகம் இருக்கிறது. முன் சக்கரங்களைத் திருப்புவதற்கு 'சர்வோ' என்று ஒரு குட்டி யந்திரம். அதன் உள்ளே ஊசி முனைப் பற்கள். சக்கரம் கல்லில் மோதினால் அந்த அதிர்ச்சி நேரே பற்களுக்குப் போய்விடாமல், நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு பாகம் நெளிந்து கொடுக்கும். அதன் பேரே 'சர்வோ சேவர்', அதாவது சர்வோவைக் காப்பாற்றுவது. மாற்றும் வியாதிக்காரர்களுக்கு முதலில் கண்ணை உறுத்துவது இதுதான். "தொளதொளவென்று இருக்கிறதே!" என்று அதை எடுத்துவிட்டு, விறைப்பான அலுமினியத்தில் ஒன்றைப் போடுவார்கள். திருப்பம் கச்சிதமாக இருக்கும், முதல் கல் வரும் வரையில். அப்புறம் சர்வோவே காலி. சில்லறைச் சாமான் நெளிய வேண்டிய இடத்தில், விலை உயர்ந்த சாமான் உடையும்.

எல்லாவற்றையும் இரும்பாக்கிவிட்டால் கார் உடையாது என்று எண்ணுவது வீண் ஆசை. எங்கே நெளிய வேண்டும் என்று தெரிந்து, அந்த இடத்தில் மலிவான சாமானை வைத்து, அதில் இரண்டு உபரியாகப் பெட்டியில் போட்டு வைப்பதுதான் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் செய்யும் காரியம்.

வீட்டில் ஐந்து சட்டங்கள்

ஆர்.சி. கார் உள்ள வீட்டில் கீழ்க்கண்ட சட்டங்களை நீங்களே போட்டுவிடலாம். எதிர்ப்பு கொஞ்சம் இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும்.

ஒன்று: ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். மோட்டாரும் டயரும் பேட்டரியும் ஒரே நாளில் மாற்றினால், எது எதைக் கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. மாற்றியதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். பால் கணக்கு நோட்டுப் போல ஒன்று போதும். விலையையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். செலவைக் கட்டுப்படுத்த அதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

இரண்டு: கழற்றிய பழைய பாகத்தை எறியக் கூடாது. புதுசு தகராறு செய்தால் பழையதுக்குத் திரும்ப வழி வேண்டும்.

மூன்று: காசு செலவழித்தே தீர வேண்டும் என்றால், முதல் செலவு 'பால் பேரிங்'. பல கிட்டுகளில் சக்கரமும் கியரும் சுற்றும் இடங்களில் பிளாஸ்டிக் புஷ்கள்தான் வருகின்றன. அவற்றுக்குப் பதில் பேரிங் போட்டால் உராய்வு குறையும், கார் லேசாக ஓடும், எதுவும் உடையாது. அதிகச் செலவில்லாமல் நிச்சயமாகப் பலன் தரும் மாற்றம் அது.

நான்கு: கடற்கரைக்குக் கொண்டு போவதென்றால் யோசித்துப் போகட்டும். மணல் பேரிங்கில் புகும். உப்புக் காற்று ஸ்க்ரூவை அரிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில், தண்ணீர் தாங்காத மின் பெட்டி உள்ள காரை ஓட்டவே கூடாது. ஓடிய பிறகு பிரஷ்ஷால் துடைத்து, ஒரு கண்ணோட்டம் பார்த்து வைக்கும் பழக்கம், பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

ஐந்தாவது சட்டத்தில் மட்டும் தயவு தாட்சண்யமே கூடாது. அது லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பற்றியது. மற்றதெல்லாம் பணத்தோடு போகும். இது வீட்டையே எரித்துவிடும். இதன் ஒவ்வொரு செல்லும் நிறையும்போது 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே வடியவிடக் கூடாது. ஒவ்வொரு செல்லையும் சமமாகப் பார்த்து ஏற்றும் 'பாலன்ஸ்' சார்ஜரில்தான் போட வேண்டும். படுக்கையிலோ சோபாவிலோ திரைச்சீலைக்குப் பக்கத்திலோ வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. மொசைக் தரையிலோ ஓட்டுத் தரையிலோ, எரியும் சாமான் எதுவும் அருகில் இல்லாமல் வைக்க வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கப் போவதோ சினிமாவுக்குப் போவதோ கூடவே கூடாது. பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்து வைக்கட்டும்.

பேட்டரி தலையணை போல உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற கெஞ்சலுக்கு இடம் கொடுக்காதீர்கள். அதைக் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பித்துவிடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதற்காகவே ஏற்பட்டவை. எப்போதாவது புகை கிளம்பினால், காரைக் காப்பாற்றும் வீரம் யாருக்கும் வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு 101-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

இத்தனையும் படித்துவிட்டு, 'நமக்கென்ன, சட்டம் போடுவதும் துடைப்பம் பிடிப்பதும்தானே' என்று ஒதுங்கிவிடாதீர்கள். பெண் குழந்தை இருந்தால் அவளையும் மேஜைக்கு அழைத்து உட்கார வையுங்கள். கோலப் புள்ளி பிசகாமல் வைக்கிற விரலுக்கு ஈ-கிளிப் ஒரு பொருட்டா? தையல் மெஷினில் நூலின் இறுக்கத்தைக் காது கேட்டே சரி செய்கிற பாட்டிக்குக் கியரின் சத்தம் புரியாதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கார் ஓடும்போது, ரிமோட்டை நீங்களே ஒரு தடவை கேட்டு வாங்குங்கள். ஒன்றே ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கார் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடது இடதுதான்; நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். காருக்குள்ளே நாமே உட்கார்ந்து ஓட்டுவதாக நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். முதல் தடவையிலேயே தீராது. கைப்பிடிச் சுவரில்தான் கொண்டு போய் மோதுவீர்கள். வீட்டுக்காரர் 'ஐயோ' என்று அலறுவார்.

பயப்படாதீர்கள், சர்வோ சேவர் இருக்கிறது!